15,349 கிலோமீட்டரும் காற்றின் கணக்கும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு, எங்கும் இறங்காமல் செல்லும் விமானத்தில் ஒரு ஜனவரி மாதம் பயணம் செய்தேன். இரண்டுக்கும் இடையேயான தூரம் 15,349 கிலோமீட்டர். இடைநில்லாப் பயணிகள் சேவைகளில் இதைவிட நீண்டது வேறில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் ஓர் உலக உருண்டையை எடுத்து, இரு நகரங்களின் மேலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். தட்டையான வரைபடத்தையே பார்த்துப் பழகியிருந்த எனக்கு, நூல் வட துருவத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு போனது பெரும் வியப்பாக இருந்தது. சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையிலும் நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் இருப்பதால், பூமிப் பந்தில் இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருக்கின்றன. எனவே துருவத்தின் வழியே ஏறி இறங்குவதே குறுக்குவழி.

ஆனால் எங்கள் விமானம் அந்த வழியில் செல்லவில்லை. இருக்கைத் திரையில் தெரிந்த பாதை பசிபிக் பெருங்கடலைக் கடந்து கிழக்கு நோக்கியே நீண்டது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுப்பெறுகிறது; அது பின்னாலிருந்து தள்ளும்போது, சுற்றிச் செல்லும் பாதையே விரைவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வழக்கமாக மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும் விமானத்தின் தரைவேகம் ஆயிரத்தைத் தாண்டி நின்றதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடந்த தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இச்சேவைக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏ350-900 யுஎல்ஆர் ரக விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருளைச் சுமக்கக்கூடியது. அந்த எடைக்கு ஈடாக இருக்கைகளை 161 ஆகக் குறைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய விமானத்தில் இத்தனை குறைவான பயணிகளா என்று ஏறும்போது எழுந்த கேள்விக்கு விடை இதுதான்.

வெள்ளி இரவு 11.35-க்குப் புறப்பட்டுச் சனி அதிகாலை 5.10-க்கு இறங்கினேன். கடிகாரத்தின்படி ஐந்தரை மணி நேரப் பயணம்; குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் உள்ள 13 மணி நேர வித்தியாசத்தையும் கூட்டினால் 18 மணி 35 நிமிடம். பயணச்சீட்டில் குறிப்பிடும் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அடங்கும் என்பதால், வானில் இருந்த நேரம் இதைவிடச் சற்றுக் குறைவு.

திரும்பும்போது பசிபிக்கில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டாமல் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மீண்டும் கிழக்கு நோக்கியே பறந்தோம். ஞாயிறு இரவு கிளம்பியவன் செவ்வாய்க் காலை சாங்கியில் இறங்கியபோது, ஒரு முறைகூட மேற்கே திரும்பாமல் பூமியை முழுதாகச் சுற்றி வந்திருந்தேன்.