கொடுக்காத வாக்கை மீறியதாக ஒரு பழி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடர்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. நவம்பரில் பள்ளி வீரர்கள் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்து வாரம் நெருங்கும்போதும், ஏப்ரலில் கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் சூடுபிடிக்கும்போதும், "இன்ன பையன் கென்டக்கிக்கு கமிட் ஆகிவிட்டான்", அதாவது அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டான் என்று எங்கிருந்தோ ஒரு பதிவு கிளம்பும். மாலைக்குள் ஆயிரக்கணக்கில் பகிர்வார்கள். பையன் அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவே மாட்டான்.

பொய் என்று தெரிந்தால் அதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் முடிவதில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் உண்மையிலேயே வேறு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் கல்லூரி ரசிகர்கள் "வாக்கு மாறிவிட்டான், பணத்துக்குப் போய்விட்டான்" என்று அவனுடைய சமூக ஊடகப் பக்கத்தில் போய்த் திட்டுகிறார்கள். அவன் கொடுக்கவே இல்லாத வாக்கு அது. பதினேழு வயதுப் பிள்ளை, அவனுடைய அம்மாவின் கணக்கைக்கூடத் தேடிப்பிடித்து எழுதுகிறார்கள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சரி, இவ்வளவு எளிதாக எப்படி நம்பவைக்க முடிகிறது? சேரும் முன் கல்லூரியைப் பார்க்க கேம்பஸ் விசிட் போகும் ஒவ்வொரு பையனுக்கும் அந்தக் கல்லூரி ஜெர்சியைப் போட்டுப் படம் எடுப்பது வழக்கம், ஐந்து கல்லூரிக்குப் போனால் ஐந்து ஜெர்சியிலும் படம் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து மேலே "கமிட்டட்" என்று எழுதினால் போதும், அசல் அறிவிப்பு போலவே இருக்கும். கணக்கு அசல்தான் என்று காட்டிய ட்விட்டரின் நீலக் குறியை நம்பலாம் என்ற காலமும் போய்விட்டது. 2023 ஏப்ரலில் ட்விட்டர் பழைய குறிகளை எடுத்துவிட்ட பிறகு, மாதச் சந்தா கட்டுகிற யாருக்கும் அது கிடைக்கிறது. தெரிந்த நிருபரின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, அதே படத்தையும் வைத்துக்கொண்டு இயங்கும் கணக்குகள் ஏராளம்.

இதைவிடப் பெரிய சிக்கல், மறுக்க வேண்டியவரின் வாய் கட்டப்பட்டிருப்பது. பையன் எழுத்துப்பூர்வமாகக் கையெழுத்துப் போடும்வரை அவனைப் பற்றிக் கோச் பொதுவெளியில் பேசக்கூடாது என்பது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி. 2016-லிருந்து அவனுடைய பதிவுக்கு லைக் போடலாம், பகிரலாம், அவ்வளவுதான். அதனால் "இல்லை, இது பொய்" என்று கல்லூரித் தரப்பிலிருந்து ஒரு வரிகூட வராது, அந்த மௌனத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கிடையில் அவனைத் தன் அணியில் சேர்க்க முயன்றுகொண்டிருந்த வேறு கல்லூரியின் கோச் சந்தேகப்பட்டு, அதே இடத்துக்கு இன்னொருவனைப் பார்க்கத் தொடங்கினால் இழப்பு பையனுக்குத்தான். அணியில் இருக்கும் இடங்களே கொஞ்சம்.

வாய்வார்த்தை கமிட் என்பதே இரு தரப்பையும் கட்டுப்படுத்தாத ஒன்று. பையனும் மாறலாம், கல்லூரியும் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். பையனை ஒரே கல்லூரியோடு கட்டிப்போடும் கடிதமாக 1964-லிருந்து இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டையும் 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள், இப்போது உதவித்தொகை ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்துதான் கணக்கு. அப்புறம் பணம். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது, 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகத் தரலாம். அதன் பிறகு வதந்தியோடு ஒரு தொகையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒப்பந்தங்கள் பொதுவெளிக்கு வருவதில்லை என்பதால் அந்தத் தொகையை யாராலும் சரிபார்க்க முடியாது, பேரத்தில் விலையை ஏற்றவும் யாராவது கிளப்பிவிடலாம்.

2013 மே மாதம் ஆண்ட்ரூ விக்கின்ஸ் என்ற பள்ளி வீரன் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தது நினைவிருக்கிறதா? அந்த வருடம் நாடே தேடிய பையன். டிவி கேமராவே இல்லாமல், மேற்கு வர்ஜீனியாவில் குடும்பமும் நண்பர்களும் சூழக் கையெழுத்துப் போட்டான். செய்தியை வெளியே சொன்னது அங்கே இருந்த ஒரு உள்ளூர் நாளிதழ் நிருபர். நான் இன்றைக்கும் அப்படிப்பட்ட நிருபர்களைத்தான் தேடிப் பின்தொடர்கிறேன். பள்ளி ஜிம்முக்கு வாராவாரம் போகிறவர், பெற்றோரின் எண் கையில் இருப்பவர், தவறாக எழுதினால் மறுநாள் அதே ஊரில் முகம் காட்ட வேண்டியவர். யார் எங்கே சேருவார் என்று ஊகிக்கும் கணிப்புத் தளங்களில் 90 சதவீதம் என்று போட்டிருந்தாலும் அது கணிப்புதான், கமிட் அல்ல. அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து "உறுதியாகிவிட்டது" என்று போடுகிறவர்களை நான் பின்தொடர்வதை நிறுத்திவிடுகிறேன்.

நீங்கள் பகிர்ந்த ஒன்று பொய் என்று தெரிந்தால், கீழே திருத்தம் எழுதிவிட்டு விடாதீர்கள், மேலே இருக்கும் பதிவையே அழித்துவிடுங்கள். பகிரப்படுவது அந்தப் பதிவுதான், கீழே இருக்கும் திருத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.