வேறு ஜீப்பில் ஏற முடியாதவர்கள்

கம்பத்தில் எங்கள் தெருவில் காலை நாலரைக்கே அடுப்பு எரியும். அம்மா தூக்குவாளியில் சோறு அடைத்துக்கொண்டு ஐந்தேகாலுக்கெல்லாம் முக்கில் போய் நிற்பார், ஜீப் வரும், பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினைந்து பதினாறு பெண்கள் ஏறுவார்கள், கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி எட்டு மணிக்குள் கேரளாவுக்குள் ஏதாவது ஒரு ஏலத்தோட்டத்தில் குனிந்திருப்பார்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலை என்று எந்தப் பக்கம் வேலை என்பது ஜீப்பைப் பொறுத்தது. சாயங்காலம் அதே ஜீப்பில் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் அம்மா இப்படித்தான் போய்வருகிறார். என்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கூலிதான்.

நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், பட்டா நகல், ரேஷன் கார்டு திருத்தம் என்று போகும் நாள்கள். 2022 கடைசியிலிருந்து ஒரு ஒன்றரை வருடம் மட்டும் என் மேசைக்கு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். நர்சிங் முடித்த பிள்ளைகள், முடிக்காத பிள்ளைகள், கையில் ஒரு ஏஜென்ட் கொடுத்த துண்டுச்சீட்டு, "லண்டனுக்கு கேர் விசாக்கா, பாரம் நிரப்பணும்" என்று முதியோர் பராமரிப்பு வேலைக்கான விசாவைக் கேட்டு. அதில் ஒருத்தி என் சித்தி மகள். அவளுக்காகத்தான் அந்த நாட்டு விசா விதிகளை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன், இன்றுவரை நிறுத்த முடியவில்லை.

முதலில் எனக்குப் புரியாத விஷயம் இதுதான். வெளியாட்கள் அதிகம் வருகிறார்கள் என்று சொல்லித்தானே பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது? 2016 ஜூன் 23 அன்று ஓட்டுப் போட்டார்கள், 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31-இல் விலகினார்கள், அந்த வருடம் டிசம்பர் 31 இரவோடு ஐரோப்பியர்கள் விசா இல்லாமல் வந்து வேலை பார்ப்பது முடிந்தது. அப்புறம் எப்படி கம்பத்துப் பிள்ளைக்கு விசா?

தேடிப் படிக்கப் படிக்க, இது நமக்குத் தெரிந்த கதைதான் என்று தோன்றியது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையில் எல்லை கொந்தளித்ததே, மலையில் இருந்த நம் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்களே, அப்போது ஏலக்காய் யாரையும் கேட்டுக்கொண்டு பழுக்கவில்லை. பழுத்து வெடித்துச் செடியடியிலேயே கிடந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குச் சோதனைச்சாவடியை மூடினார்கள், மறுபடியும் அதே கதை. அந்த வருடம் என் சென்டரில் பாதி வேலை இ-பாஸ் போடுவதுதான். அம்மா பக்கத்து வீட்டு அக்காக்களுடன் வந்து உட்கார்ந்து "எங்க பாஸ் வந்துருச்சான்னு பாரு" என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலைமேல் தோட்டக்காரர்கள் ஆளுக்குத் தவித்தார்கள், கீழே இவர்கள் கூலிக்குத் தவித்தார்கள், நடுவில் ஒரு கம்பு.

பிரிட்டனில் நடந்ததும் இந்த வகைதான், அளவுதான் பெரிது. 2004-இல் போலந்து முதலான நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்ததும் அங்கிருந்து வந்தவர்கள்தான் கோஸ் வெட்டினார்கள், ஸ்ட்ராபெர்ரி பறித்தார்கள், கோழி உரித்தார்கள், லாரி ஓட்டினார்கள், வயதானவர்களைக் குளிப்பாட்டினார்கள். அவர்கள் குறைந்ததும் 2021 செப்டம்பரில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. பெட்ரோல் நாட்டில் இருந்தது, பங்க்குக்குக் கொண்டுவரத்தான் லாரி டிரைவர் போதவில்லை, ராணுவ டிரைவர்களை இறக்கினார்கள். கொரோனாவில் டிரைவர் தேர்வுகள் நின்றுபோனதும் ஒரு காரணம், அதை மறைத்துச் சொல்லக் கூடாது. இறைச்சிக்கூடங்களில் வெட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஆயிரக்கணக்கான நல்ல பன்றிகளைப் பண்ணையிலேயே கொன்று அழித்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வெடித்துக் கிடந்த ஏலக்காய்தான் ஞாபகம் வந்தது.

சொந்த நாட்டு ஆட்கள் பறிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். 2020-இல் கேட்டுப் பார்த்தார்கள். 'பிரிட்டனுக்காகப் பறியுங்கள்' என்று பிரச்சாரமே நடத்தினார்கள், இப்போது மன்னராக இருக்கும் சார்லஸே வீடியோவில் பேசினார். வந்தவர்கள் கொஞ்சம், நிலைத்தவர்கள் அதைவிடக் கொஞ்சம், அடுத்த வருடம் அதைக் கைவிட்டார்கள். அதில் அந்த மக்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆறு மாத வேலைக்காக யார் வீட்டை விட்டுப் போய் வயல் நடுவில் கொட்டகை வண்டியில் தங்குவார்கள்? இடுக்கிக்காரர்களின் பிள்ளைகளே ஏலக்காய் எடுக்க வருவதில்லை, அவர்கள் நர்சிங் படித்துவிட்டு அதே பிரிட்டனுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு நாங்கள் மலை ஏறுகிறோம். எங்கள் பிள்ளைகளும் மலை ஏறாமல் திருப்பூருக்குப் போனதும் ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

சரி, பிரிட்டன் அரசு என்ன செய்தது? பின்வாசலைத் திறந்தது. பண்ணை வேலைக்கு 2019-இல் 2,500 பேருக்கு என்று ஆரம்பித்த பருவகால விசா, 2021-இல் 30,000 ஆனது, அப்புறம் 45,000-ஐத் தாண்டியது. உக்ரைன்காரர்கள் நிறையப் போனார்கள், 2022-இல் போர் வந்ததும் நேபாளம், இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான் என்று ஆள் தேடிப் போனார்கள். முதியோர் பராமரிப்பில் நிலைமை இன்னும் மோசம், இங்கிலாந்தில் மட்டும் 2021-22-இல் 1,65,000 இடங்கள் காலி. அந்த வேலைக்குப் பெரும்பகுதிப் பணம் உள்ளாட்சி மன்றங்களிலிருந்து வரவேண்டும், அவற்றின் பையில் காசில்லை, அதனால் கூலி சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அதே காசுக்குக் கடையில் பில் போடலாம் என்றால் யார் இரவு முழுக்கக் கண் விழிப்பார்கள்? கூலியை ஏற்றுவதற்குப் பதில், 2022 பிப்ரவரி 15-இல் பராமரிப்பு வேலையை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்து உலகத்துக்கே விசாவைத் திறந்துவிட்டார்கள். என் மேசைக்குத் துண்டுச்சீட்டு வந்தது அந்த வழியாகத்தான்.

2023-இல் மட்டும் மருத்துவம், பராமரிப்பு விசா கிட்டத்தட்ட 1,46,000 பேருக்குக் கிடைத்தது, குடும்பத்தினரைச் சேர்க்காமல். ஆட்கள் வருவதைக் குறைக்கத்தான் விலகினோம் என்ற நாட்டில், வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால் ஒரே வருடத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் நின்றது. ஐரோப்பியர்கள் குறைந்தார்கள், இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்கள் கூடினார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. வந்தவர்களின் ஊர் மாறியதை மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர்கள் நின்ற நிலை மாறியதை யாரும் பேசுவதில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மா போன தோட்டத்தில் கங்காணி ஒன்பது நாள் கூலியை இழுத்தடித்தார். அம்மாவும் கூடப்போன பெண்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை எதிர்முக்கில் போய் நின்று வேறு ஜீப்பில் ஏறிவிட்டார்கள், அவ்வளவுதான். மூன்றாவது நாள் ராத்திரி அந்தக் கங்காணி வீட்டு வாசலில் பணத்தோடு நின்றார். அம்மாவுக்கு சங்கம் இல்லை, எழுத்துப்பூர்வமாக ஒரு சீட்டும் இல்லை, இருந்த ஒரே பலம் எதிர்முக்கில் இன்னொரு ஜீப் நிற்கிறது என்பதுதான். 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டு தேவிகுளம், பீர்மேடு அந்தப் பக்கமே தங்கிவிட்ட பிறகும், இந்தியாவுக்குள் எங்கும் போகலாம் வரலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்வதால்தான் அந்த ஜீப் ஓடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டனுக்கு வந்த ருமேனியாக்காரிக்கும் இதே பலம் இருந்தது. முதலாளி சரியில்லை என்றால் அடுத்த பண்ணை, அதுவும் வேண்டாம் என்றால் ஹோட்டல், எதுவும் வேண்டாம் என்றால் ஊருக்கு பஸ். விலகலுக்குப் பிறகு போன பராமரிப்புப் பணியாளருக்கு விசாவே ஒரு கம்பெனியின் பெயரில் ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டு ஆட்களை எடுக்க அந்தக் கம்பெனிக்கு இருக்கும் உரிமத்தை அரசு பறித்தால், தப்பு கம்பெனியுடையது, தண்டனை இவளுக்கு: 60 நாளில் வேறு ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு கம்பெனி, கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கு மேல் இப்படி உரிமம் ரத்தானது, அந்தக் கம்பெனிகளோடு கட்டப்பட்டிருந்தவர்கள் 39,000-க்கு மேல்.

அதில் ஒருத்தி எங்கள் வீட்டுப் பிள்ளை. ஏஜென்ட்டுக்கு பதினொரு லட்சம் கொடுத்துப் போனாள், சித்தி வீட்டுப் பத்திரம் அடமானத்தில். வாரம் 39 மணி நேரம் வேலை என்று காகிதத்தில் இருந்தது. லிங்கன்ஷயர் பக்கம் ஒரு சின்ன ஊர், வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கும் வேலை, கிடைத்தது வாரத்துக்குப் பதினாறு பதினேழு மணி நேரம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஓடும் நேரத்துக்குக் காசு கிடையாது. ஒரு வருடம் வாய் திறக்கவில்லை. போனில் "நல்லாருக்கேன் பெரியம்மா" என்று மட்டும் சொல்வாள். ஒரு நாள் அம்மாவிடம் உடைந்து அழுதுவிட்டாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏத்தா, அந்தாளு சரியில்லன்னா வேற ஜீப்புல ஏறிப் போக வேண்டியதுதான?" என்றார். "ஏற முடியாது பெரியம்மா, ஏறினா விசா போயிரும்." அம்மாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை, எனக்கு அதை விளக்க வார்த்தை கிடைக்கவில்லை.

அவள் இருக்கும் இடத்திலிருந்து பாஸ்டன் என்ற ஊர் பக்கம்தான். சுற்றிலும் கோஸும் காலிஃபிளவரும் வயல் வயலாக இருக்கும் என்பாள், நம் பள்ளத்தாக்கைத் தட்டையாக்கி வைத்த மாதிரி. விலகலாம் என்று நாட்டிலேயே அதிகமாக ஓட்டு விழுந்த பகுதி அதுதான், 75.6 சதவீதம். அந்த மக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்ச வருடத்தில் ஊர் நிரம்பினால் வாடகை ஏறும், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும், கூலி ஏறாமல் நிற்கும். "இந்திக்காரங்க வந்ததுலருந்து கூலி கேக்க வாய் வரல" என்று எங்கள் ஜீப்பிலேயே பேசுகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன், ஜார்க்கண்ட் பிள்ளைகள் தோட்டத்து லயத்திலேயே தங்குகிறார்கள், கடைக்குப் போவதற்கும் முதலாளி வண்டிதான். கூலியைக் குறைப்பது அவர்களின் முகம் இல்லை, சாயங்காலம் இறங்கிப் போக அவர்களுக்கு வழி இல்லாததுதான். வழி இருந்தால் அவர்களும் எதிர்முக்கில் போய் நிற்பார்கள், அம்மாவின் கூலியும் கூட ஏறும்.

பிரிட்டனுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 2004 பிப்ரவரியில் மோர்கம்பே விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன 20-க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் அலை ஏறி மூழ்கிச் செத்தார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்கள் என்பதால்தான் இருட்டில் கடலுக்குள் அனுப்ப முடிந்தது. அதன் பிறகுதான் அங்கே கங்காணிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டமே வந்தது. அப்படி ஒரு சட்டம் போட்ட நாடு, தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டும் விசாவைத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் வழக்கம்போல் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் போகும் பராமரிப்புப் பணியாளர் கணவனையோ பிள்ளையையோ கூட்டிப்போகக் கூடாது. அடுத்த மாதம் உத்தமபாளையத்திலிருந்து ஒரு பெண் மூன்று வயதுப் பையனோடு வந்தார், பையனுக்கும் சேர்த்து பாஸ்போர்ட் போட வேண்டும் என்று. விதியைப் படித்துச் சொன்னேன். பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார், திரும்ப வரவில்லை. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அங்கே வயதானவர்களின் எண்ணிக்கை நின்றுவிடவில்லை.

எங்கள் பிள்ளைக்கு 60 நாள் கடிதம் வந்தபோது அம்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு தடவை காய் எடுத்த செடியில் அடுத்த எடுப்புக்கு 40, 45 நாள் ஆகும். "அடுத்த எடுப்பு முடிஞ்சு மறுஎடுப்புக்குள்ளயா?" என்றார். ஐம்பத்து மூன்றாவது நாள் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அந்த இல்லத்தில் இவளுக்கு மேலே இருப்பவர் ஒரு ருமேனியா அம்மா, 2014-இல் வந்தவர், விலகலுக்கு முன்பே வந்ததால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருக்கிறது. "அவங்க இதோட நாலு இடம் மாறிட்டாங்கக்கா, பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லிட்டுப் போயிருவாங்க, அதனால மேனேஜர் அவங்ககிட்ட பார்த்துத்தான் பேசுவார்" என்று சொன்னாள். இருவரும் அதே ஷிஃப்ட், அதே வேலை.

இப்போதும் சிலர் துண்டுச்சீட்டோடு வருகிறார்கள், கேர் விசா இன்னும் இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னாராம். காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன்: ஸ்பான்சர் உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியல் பிரிட்டன் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது, ஸ்பான்சர்ஷிப்பை விலைக்கு விற்க அங்கே தடை இருக்கிறது, நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சித்தி வீட்டுப் பத்திரத்தை மீட்க இன்னும் நாலு லட்சம் பாக்கி. அதில் இந்த மாதத் தவணைக்கு அம்மா இரண்டாயிரம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நாளை காலை ஐந்தேகாலுக்கு ஜீப்.