மலையை எழுதுறதா, ஆக்களை எழுதுறதா?

"தம்பி, எழுத்து நல்லா இருக்கு, ஆனா ஆக்கள் கூடிப்போச்சு. மலை எங்க? குருவி எங்க? மனுசரைப் பாக்கவேணுமெண்டா நான் காலி ரோட்டிலயே நிண்டு பாப்பனே." மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால போற பெக்கோ ட்ரெயில் எண்ட நெடுநடைப் பாதையில நடந்ததைப் பத்தி எழுதின பதிவை போடுறதுக்கு முதல், எங்களோட நடக்கிற மூத்தவர் ஒருத்தருக்கு (எல்லாருக்கும் அவர் அண்ணைதான்) வாசிக்க அனுப்பினன், வெள்ளவத்தையில ஒரு கடையில பிளேன்டீயும் ரோல்ஸும் வைச்சுக்கொண்டு அவர் சொன்னது இதுதான். அண்டைக்கு பதில் சொல்ல வரேல்ல, ஓம் அண்ணை எண்டு தலையாட்டிட்டு வந்திட்டன். பிறகு யோசிக்க யோசிக்க நிறைய வந்திது, அதை எல்லாம் இதில கொட்டுறன்.

முதல்ல அவர் பக்கத்து நியாயம். கொழும்பில இருந்துகொண்டு ஒருத்தன் முதுகில பையைப் போட்டு மலைக்குப் போறதே ஆக்கள்ட்ட இருந்து தப்பத்தான். விடிஞ்சா ஹோர்ன் சத்தம், பஸ்ஸுக்குள்ள இடி, பக்கத்து வீட்டு கட்டட வேலை. மற்றது, நடந்து போய் ஆக்களைப் பத்தி எழுதுறாங்களே, அதில முக்கால்வாசி சகிக்கேலாது. "வெள்ளந்தி மனிதர்கள்" எண்டு ஒரு வரி, ஏழைக் கிழவியின்ட சிரிப்பில கடவுளைக் கண்ட ஒரு வரி, கூடவே ஒரு குளோசப் போட்டோ, முடிஞ்சுது. ஆனா இயற்கைக்காரர் மட்டும் என்ன திறமோ? "இயற்கை எழில் கொஞ்சும்" எண்டு தொடங்கி "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல" எண்டு போய் "பஞ்சு மேகங்கள்"ல நிப்பாங்க. ஒரு மரத்துக்குப் பேர் தெரியாது, அட்டை கடிச்சதைத் தவிர ஒரு உயிரையும் கிட்டப் பாத்திருக்கமாட்டாங்க.

இந்த ஆக்களா இயற்கையா எண்ட சண்டை எங்கட ஊர் சண்டையே இல்ல எண்டது என்ட எண்ணம். நெடுநடை எழுத்து எண்டு இண்டைக்கு நாங்க வாசிக்கிறதில பெரும்பகுதி அமெரிக்கா பக்கம் இருந்து வந்தது. அப்பலேச்சியன் ட்ரெயில் கிட்டத்தட்ட 3,500 கிலோமீற்றர், 14 மாநிலம். பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயில் அதையும் விட நீளம், மெக்சிக்கோ எல்லையில தொடங்கி கனடா எல்லை மட்டும், 4,200 கிலோமீற்றருக்கு மேல. மாசக்கணக்கா நடப்பாங்க, பாதை பெரும்பாலும் காட்டுக்குள்ளயும் மலை முகட்டிலயும்தான், ஊர் எண்டது சாமான் வாங்க இறங்குற இடம். அதால அவங்கட எழுத்தில ஆக்கள் எண்டா கூட நடக்கிற ஆக்கள், அவங்களுக்கு பாதையில வைச்ச பட்டப்பேர், தண்ணிப் போத்தல் வைச்சிட்டுப் போற புண்ணியவான்கள், அவ்வளவுதான். அங்க அந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம் இருக்கு, கூட நடக்கிறவன்ட கதையை எழுதவா, மலையை எழுதவா எண்டு. ஆனா பகிடி என்னெண்டா, அந்த அப்பலேச்சியன் பாதையை 1921ல முதல்முதல் முன்மொழிஞ்ச பெண்டன் மெக்காய் அதை வெறும் நடைபாதையா யோசிக்கவே இல்ல, பட்டணத்துல வேலை செய்து களைச்ச சனம் வந்து தங்க முகாம், சேர்ந்து பயிர் செய்யப் பண்ணை எண்டெல்லாம்தான் எழுதினார். பாதை மட்டும் வந்திது, பண்ணை வரேல்ல.

இப்ப எங்கட பக்கம் வருவம். பெக்கோ ட்ரெயில் கண்டி ஹந்தானையில தொடங்கி சுத்திச் சுழண்டு நுவரெலியாவில முடியுது, 22 ஸ்டேஜ், 300 கிலோமீற்றருக்கு மேல. பாதையில பெரும்பகுதி பழைய தோட்டத்து ரோட்டு. தொடக்கத்து ஸ்டேஜிலயே லூல்கந்துர வந்திடும், ஜேம்ஸ் டெய்லர் 1867ல 19 ஏக்கர்ல தேயிலை போட்ட இடம். அதுக்கு முதல் இந்த மலை எல்லாம் கோப்பி, அதுக்கும் முதல் காடு. காட்டை வெட்டி எரிச்சு கோப்பி போட்டாங்க, 1869ல இலைத்துரு நோய் காட்டத் தொடங்கி கொஞ்ச வருசத்தில கோப்பியை அழிச்சிட்டு, அந்த இடத்தில தேயிலை ஏறிச்சு. நிழலுக்கு நிக்கிற, தோட்டத்தில சவுக்கு எண்டு சொல்ற கிரெவிலியா அவுஸ்திரேலியா மரம். அந்தப் பக்கம் வரிசையா நிக்கிற யூக்கலிப்டஸும் அங்க இருந்து வந்ததுதான். அண்ணை கேக்கிற "மலை"யில கண்ணுக்குத் தெரியிற பச்சையில பெரும்பகுதி யாரோ ஒருத்தர் நட்டது, யாரோ ஒருத்தர் இண்டைக்கும் பராமரிக்கிறது. தேயிலை எண்டது விட்டா மரமா வளர்ற சாதி. அது இடுப்பளவில தட்டையா நிக்கிறதெண்டா சும்மாவா நிக்குது?

அந்தத் தட்டை எப்பிடி வருதெண்டு கிட்ட நிண்டு பாத்தன். கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தங்க, இடுப்பில படங்கு கட்டி, செடிக்கு மேல மட்டக்கம்பை குறுக்கா போடுறாங்க. கம்புக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிறதை மட்டும் ரெண்டு கையாலயும் ஒடிச்சு, கை நிறைஞ்சதும் பார்க்காமலே முதுகுப்பக்கம் எறியிறாங்க, கம்பைத் தூக்கி அடுத்த செடி. கீழ கான், மேல வழுக்கல், ஒரு காலை ஒரு உயரத்திலயும் மற்றக் காலை வேற உயரத்திலயும் வைச்சுக்கொண்டு இவ்வளவும். நான் ஸ்டிக் ரெண்டு பிடிச்சுக்கொண்டு மூச்சு வாங்கிற சரிவு அது.

"எங்க தம்பி போறீங்க?"

"சும்மா நடக்கிறம் அக்கா. அந்தப் பக்கம் இறங்கி..."

"பஸ்ஸு இருக்குங்களே தம்பி, கீழ ரோட்டுக்கு போனா வரும்."

பஸ் இருக்கிறது தெரியும், நடக்கிறதுக்கெண்டே கொழும்பில இருந்து காசு செலவழிச்சு வந்தனாங்கள் எண்டு விளங்கப்படுத்தப் போனா பக்கத்து நிரையில நிண்ட ரெண்டு பேர் சிரிக்கத் தொடங்கிட்டாங்க. சிரிச்சு முடிய அந்த அக்கா சொன்னாங்க, மேல மானாப்புல்லு முடியிற இடத்து நம்பர் (தோட்டத்துத் தேயிலை நிலத்துண்டை அப்பிடித்தான் சொல்றது) பக்கம் போகவேணாம், சிறுத்தை குட்டி போட்டிருக்கு, நாங்களே ரெண்டு கிழமையா அந்தப் பக்கம் கொழுந்துக்கு ஏறேல்ல எண்டு. பிறகு ஒரு சவுக்கு மரத்தைக் காட்டி, அதில குளவி கட்டியிருக்கு, சத்தம் போடாம சுத்திப் போங்க. குளவி கொட்டி தோட்டத்து ஆக்கள் ஆஸ்பத்திரியில எண்டது எங்கட பேப்பர்ல உள்பக்கத்தில சின்னக் கட்டமா வந்துகொண்டே இருக்கிற செய்தி, சில நேரம் உயிரும் போகும். கொழும்பில இருந்து அதை நான் எத்தனை தரம் வாசிச்சிட்டு பக்கத்தைத் திருப்பியிருப்பன்.

அண்ணைக்கு என்ட கேள்வி இதுதான். அந்த ரெண்டு நிமிசக் கதையில சிறுத்தை இருக்கு, குளவி இருக்கு, மானாப்புல்லு இருக்கு, சரிவு இருக்கு. இது ஆக்களைப் பத்தினதா, இயற்கையைப் பத்தினதா? அந்த அக்காவை எடுத்திட்டா அந்தச் சிறுத்தை என்ட பதிவில எப்பிடி வரும்? நான் கண்ணால காணவே இல்லையே.

நடை எண்டு கதைக்கேக்க இன்னொண்டு. இந்தத் தோட்டத்துச் சனத்தின்ட மூத்த தலைமுறை இந்த மலைக்கு வந்ததே நடந்துதான். தென்னிந்தியாவில இருந்து தோணியில மன்னார் கரையில இறங்கி, வடக்கத்திக் காட்டுக்குள்ளால மாத்தளை மட்டும். காய்ச்சல், வயித்தோட்டம், தண்ணியில்லாத வெக்கை, வழியில செத்தவங்க ஏராளம். 2023ல மலையக மக்கள் வந்து 200 வருசம் எண்டு தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அதைப் பத்தி ஹைக்கிங் எழுதுற ஆக்கள் ஒருத்தராவது நெடுநடை எண்டு எழுதினாங்களா தெரியேல்ல, என்ட கண்ணில படேல்ல. காட்டை வர்ணிக்கிற எழுத்தெண்டா, அந்தக் காட்டுக்குள்ள யார் நடந்தாங்க எண்டதைச் சொல்லாம வர்ணிக்கிறது எப்பிடி எண்டு எனக்கு விளங்கேல்ல.

கதிர்காமப் பாதயாத்திரையும் அப்பிடித்தான். எங்கட பெரியம்மா செல்வச்சந்நிதியில தொடங்கிற அந்தக் கூட்டத்தோட கிழக்குக் கரையால போய், உகந்தையில காடு திறக்கிறதுக்கு காத்திருந்து, கூமுனைக் காட்டுக்குள்ளால கதிர்காமம் போனவ. கரடி, யானை, மயில் எல்லாம் கண்டிருப்பா. கேட்டா சொல்றது முழுக்க தண்ணியும் சோறும்தான். எந்த ஊர்ல மோர் குடுத்தாங்க, எந்தக் கோயில் கிணறு உப்பு, கும்புக்கன் ஆத்தில மணலைத் தோண்டி ஊற வைச்சு எடுத்த தண்ணி எப்பிடி இருந்திது, எந்தச் சாமி தன்ட போத்தலைத் தந்தார் (அங்க எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான், பேர் கேக்கிறதில்ல). ஒருநாள் இதை பதியலாமெண்டு போனை நீட்டினா, "அடுத்த வருசம் போறியெண்டா சொல்லு, சொல்றன். சும்மா கேக்கிறதெண்டா எனக்கு குசினியில வேலை கிடக்கு" எண்டிட்டா. எனக்கு இந்த விசயத்தில கண் திறந்தது அந்தப் பேச்சில எண்டே சொல்லலாம், பெரியம்மா அடுத்துப் போறவனுக்கு மட்டும்தான் சொல்லுவா.

பிறகுதான் பள்ளிக்கூடத்தில பரீட்சைக்கு பாடமாக்கி மறந்த ஆற்றுப்படை ஞாபகம் வந்திது. போய் பரிசு வாங்கினவன், வழியில எதிர்ப்படுற இல்லாதவனுக்கு, இப்பிடிப் போ, இன்னார்ட்ட போ எண்டு சொல்றதுதானே அது. பத்துப்பாட்டில பாதி அதுதான். மலைபடுகடாத்தை எடுத்துப் பாருங்க, 583 அடி, நன்னன் எண்ட மன்னன்ட மலைக்குப் போற வழி. பன்றிக்கு வைச்ச பொறி இருக்கு, இருட்டில போகாத. தினைப்புனம் காக்கிறவன் யானைக்கெண்டு விடுற கவண்கல் உன்ர மேல படும், பாத்துப் போ. பாசி பிடிச்ச இடம் வழுக்கும், கொடியைப் பிடிச்சுக்கொண்டு இறங்கு. குறவர் வீட்டை உன்ட வீடு மாதிரி நினைச்சு நேர உள்ள போ, சாப்பாடு தருவாங்க. அந்த மலையில கேக்கிற சத்தங்களுக்கு ஒரு பெரிய பட்டியலே வருது, அதில அருவிச் சத்தத்தோடயே, பலாப்பழம் தின்ட மிச்சத்தில கொட்டை எடுக்கிறதுக்காக கன்றுக்குட்டிகளை அதுக்கு மேல ஓட்டுற பெடியங்கள்ட சத்தமும் இருக்கு. இதில எது இயற்கை, எது ஆக்கள் எண்டு பிரிக்க வெளிக்கிட்டா பாட்டு கிழிஞ்சிடும். பிரிக்கத் தேவையும் இல்ல, ஏனெண்டா அடுத்துப் போறவனுக்கு வழுக்கிற கல்லும் வேணும், சோறு குடுக்கிற வீடும் வேணும்.

நான் இப்ப எழுதேக்க பாக்கிறது இதைத்தான், எனக்குப் பிறகு அந்த ஸ்டேஜ்ல நடக்கப்போற ஒருத்தருக்கு இந்த வரி ஏதும் உதவுதா. உதவாத வரி எதெண்டு பாத்தா அநேகமா ஆக்களைப் பத்தினதும் இல்ல, மலையைப் பத்தினதும் இல்ல, என்னைப் பத்தினது. என்ட முழங்கால், என்ட கொப்புளம், என்ட பையின்ட நிறை, மலை உச்சியில எனக்கு வந்த ஞானம். நெடுநடை எழுத்தைக் கெடுக்கிறது இந்த "நான்"தான், அண்ணை கை வைக்கவேண்டியது அங்க.

ஆனா ஒரு இடத்தில அண்ணைக்கு முழுசா விட்டுக்குடுக்கிறன். ஹோட்டன் சமவெளி மாதிரி இடங்கள் இருக்கு, அங்க யாரும் குடியிருக்கேல்ல, காலமை பனி விலகேக்க மரை நிக்கும், குட்டைக் குட்டையா முறுகின மரம், சிவப்பா ரோடோடென்ட்ரன். அதை யாரும் நடேல்ல, அதுக்கு எங்களால ஒரு பிரயோசனமும் இல்ல. அந்த இடத்தில ஆக்கள் கதையை இழுத்துக்கொண்டு வாறது அத்துமீறல்தான். அங்க எழுதுறதெண்டா படிக்கவேணும், எந்தக் குருவி, எந்தப் பாசி, ஏன் அந்த மரங்கள் உச்சியில இருந்து காய்ஞ்சு கொண்டு வருது எண்டெல்லாம். அந்தப் படிப்பு என்னட்ட குறைவு, அண்ணைட்ட இருக்கு. அவர் எழுதட்டும் எண்டு கேட்டா எழுதவும் மாட்டார், மற்றவன் எழுதினதில பிழை பிடிப்பார், அது வேற கதை.

கடைசியா, அந்தப் பதிவைப் போடேக்க ரெண்டு விசயத்தை வேணுமெண்டே வெட்டினன். அந்த அக்காவின்ட பேரும் தோட்டத்தின்ட பேரும் இருக்காது, படமும் இருக்காது. வேலை நேரத்தில கொழும்புக்காரனோட நிண்டு கதைச்சதெண்டு யாராவது அவங்களைக் கேக்கிற நிலைமை வரக்கூடாது. மற்றது சிறுத்தை குட்டி போட்ட நம்பர். அடுத்துப் போறவனுக்கு உதவும்தான், எண்டாலும் போடேல்ல. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில மாட்டி, பிறகு செத்தது ஞாபகமிருக்கும். சங்ககாலத்தில பன்றிக்குப் பொறி வைச்சவங்கட வாரிசு இப்ப கம்பியில சுருக்கு வைக்கிறாங்க, அதில எது மாட்டுமெண்டு யாருக்கும் தெரியாது, அவங்களும் போன் வைச்சிருக்கிறாங்க, தமிழும் வாசிப்பாங்க. அந்த ஸ்டேஜ்ல நடக்கிறவங்க கொழுந்து எடுக்கிற இடத்தில நிண்டு மேல ஏறலாமா எண்டு கேளுங்க. சொல்லுவாங்க.