ரயில் போன பாதையில சைக்கிள்: கிரேட் அலிகேனி பாசேஜ்

மலைப் பாதைன்னு கேட்டதுமே மூச்சு வாங்குமேன்னு ஒதுங்குற ஆளா நீங்க? அப்போ பழைய ரயில் லைன்ல போட்ட ட்ரெயில், அதாவது சைக்கிள் பாதைதான் உங்களுக்கு சரி. அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்து கம்பர்லேண்ட்ல இருந்து பிட்ஸ்பர்க் வரைக்கும் 150 மைல் போகுதே, கிரேட் அலிகேனி பாசேஜ், அதைத்தான் சொல்றேன். கிழக்குப் பக்கம் மலையைத் தாண்டுறது வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வேயோட லைன், 1975ல அதுல ரயில் நின்னுபோச்சு, 1986ல ஓஹையோபைல் பக்கம் முதல் துண்டை ட்ரெயிலா திறந்தாங்க, அப்புறம் துண்டு துண்டா சேர்த்து பிட்ஸ்பர்க் வரை முழுசா இணைய 2013 ஆயிடுச்சு.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல செங்குத்தா ஏறாது, வழுக்கும். அதனால அந்தக் காலத்து இன்ஜினியருங்க மலையைக் குடைஞ்சு, பள்ளத்துக்கு மேல பாலம் போட்டு, ஏத்தத்தை முடிஞ்ச வரை இழுத்து நீட்டி வச்சிருக்காங்க, அந்த உழைப்போட பலன் இப்போ நம்ம முழங்காலுக்கு.

ஆனா ஒண்ணு, கம்பர்லேண்ட்ல கிளம்பினா உச்சிக்கு கிட்டத்தட்ட 24 மைல், சராசரியா 1.4 சதவீதம் ஏத்தம். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், கண்ணுக்கும் சமதரையாத்தான் தெரியும், கால் மட்டும் ஒத்துக்காது, பிரேக் எங்கயாவது உரசுதோன்னு இறங்கி வீலைச் சுத்திப் பார்க்கத் தோணும். பிட்ஸ்பர்க் பக்கம் இருந்து வந்தா ஏத்தம் 1 சதவீதத்துக்கும் கம்மி, கடைசியில அந்த 24 மைலும் சும்மா உருண்டு இறங்கலாம். என் ஓட்டு அதுக்குத்தான்.

உச்சி 2,392 அடி. ஒரு பக்கம் விழுற மழை செசபீக் விரிகுடாவுக்குப் போகும், அந்தப் பக்கம் விழுறது ஒஹையோ, மிசிசிப்பி வழியா மெக்சிகோ வளைகுடா வரைக்கும் போகும். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல பிக் சாவேஜ் சுரங்கம், 3,294 அடி, அதாவது ஒரு கிலோமீட்டர். உள்ள லைட் இருக்கு, இருந்தாலும் சைக்கிள்ல ஒண்ணு மாட்டிக்கோங்க, கோடையிலயும் சில்லுன்னு இருக்கும். தெற்கு வாய்ல வெளிய வந்தா அடுக்கடுக்கா மலை, எல்லாரும் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நின்னுடுவாங்க. உச்சியில இருந்து பிட்ஸ்பர்க் பக்கமா போய் மேயர்ஸ்டேல் ஊரைத் தாண்டினா சாலிஸ்பரி வயடக்ட், 1,908 அடி நீளப் பாலம், எனக்கு சுரங்கத்தை விட இதுதான் பிடிச்சுது, ஏன்னா மேல ரயில் போய் நாம வந்துட்டோம், கீழ பள்ளத்தாக்குல சரக்கு ரயில் இன்னும் ஓடிட்டு இருக்கு.

தார் ரோடு கிடையாது, பெரும்பாலும் பொடிச்ச சுண்ணாம்புக்கல், ஒல்லி ரேஸ் டயர் வேண்டாம். நடக்கிறவங்க, ஓடுறவங்க எல்லாம் இருப்பாங்க, முந்தும்போது பெல் அடிச்சுட்டு இடது பக்கமா போங்க. குளிர்காலத்துல மட்டும் பிளான் போடாதீங்க, டிசம்பர்ல சாத்துற சுரங்கக் கதவை ஏப்ரல் வாக்குலதான் திறப்பாங்க, அது இல்லாம தாண்டணும்னா மலை மேல ஏறி இறங்குற கார் ரோடுதான்.