சோளகத்துக்கு முன் யூரியா வைக்கோல்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இறைச்சிக்கு வளர்க்கும் நாம்பன்கள் (இளங்காளைகள்) மாரியில் ஏற்றிய நிறையைக் கோடையில் இழந்துவிடுகின்றன. நந்திக்கடலோரப் புல் கருகியபின் மிஞ்சுவது வைக்கோல். அதில் புரதம் 3–4 வீதந்தான். யூரியாப் பசளைக் கரைசல் தெளித்து மூடிப் பதப்படுத்தினால் 7–8 வீதமாகும், மாடும் கூடுதலாகத் தின்னும். மாடு எலும்பானபின் தொடங்கிப் பயனில்லை. காலபோக (மாரிப்போக) நெல் அறுவடையில் மெசின் கொட்டிய வைக்கோலை எரிக்கவிடாமல், காய்ந்த கையோடு ஏற்றி நனையாமல் வைக்க வேண்டும்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். 25 கிலோ வைக்கோலைப் பரப்பி, 25 லீற்றரில் ஒரு கிலோ யூரியா கரைத்துப் பூவாளியால் சீராகத் தெளித்து, மிதித்து இறுக்கியபின் அடுத்த அடுக்கு. நடுவை மட்டும் மிதித்துவிட்டு விளிம்பை விடுவார்கள். பூஞ்சணம் பிடிப்பது அங்கேதான்.

மணல் நிலத்தில் குழி சரிவராது. கரை இடியும், ஊற்றுக் கசியும். நிலத்தின் மேலேயே தறப்பாள் விரித்து, பனஞ்சிலாகை அடைப்புக்குள் கட்டுவதுதான் நல்லது. மேலே தடித்த பொலித்தீன், ஓரம் முழுக்க மண்மூட்டை. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று ஒரு மூலையைக் கிளப்பினாலும் யூரியாவிலிருந்து உண்டாகும் அமோனியா வெளியேறி, பசளைக் காசு வீண். இரண்டு அடைப்பு இருந்தால் ஒன்றைக் கொடுக்கும்போது மற்றது ஊறும்.

இரண்டு கிழமையில் திறக்கலாம். கண்ணெரியும் நெடியும் கபில நிறமும் இருந்தால் சரி. பூஞ்சணம் பிடித்ததை எருக்கும்பிக்குத் தள்ளுங்கள். மறுநாளைக்கானதை மாலையிலேயே எடுத்து உதறிப் பரப்பினால் காலையில் நெடி குறைந்திருக்கும். முதல் கிழமை கால்பங்கு மட்டும் சாதாரண வைக்கோலோடு கலந்து பழக்க வேண்டும். பழகியபின் 200 கிலோ நாம்பனுக்கு, காய்ந்த நிறைக் கணக்கில், நாளுக்கு 4–5 கிலோ.

கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே வேண்டாம். குடித்தால் வயிறு ஊதி, உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளும். சில மணித்தியாலத்துக்குள் செத்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் வினாகிரி கலந்து பருக்கியபடியே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கும் பட்டினி கிடந்த மாட்டுக்கும் இந்த வைக்கோல் ஆகாது.

இதை மட்டும் கொடுத்தால் மாடு மெலியாமல் நிற்கும். சதை பிடிக்கச் சீமைக்கிளுவைக் (கிளிரிசிடியா) குழையும் தவிடும் வேண்டும். குழையை அரை நாள் வாடவிட்டுப் போட்டால், முதலில் முகம் திருப்பும் மாடும் தின்னப் பழகும்.