பி.எம்.ஐ. 47-இல் இரைப்பை பைபாஸ்: முடிவெடுத்த விதமும் பிறகு நடந்ததும்

என் எடை 118 கிலோவையும், உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவான பி.எம்.ஐ. 47-ஐயும் எட்டியிருந்தபோது, சர்க்கரை நோய்க்காக என்னைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த மருத்துவர்தான் எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி முதலில் பேச்செடுத்தார். உணவுக் கட்டுப்பாட்டில் குறைந்த எடையெல்லாம் ஓராண்டுக்குள் வட்டியோடு திரும்பியிருந்தது. ஆனால் 2024 ஏப்ரலில் சென்னையில் இதே சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை, அம்மா கேட்ட முதல் கேள்வியே, "உயிருக்கு உத்தரவாதம் தருவார்களா?" என்பதுதான்.

தர முடியாது என்று அறுவை மருத்துவர் நேராகவே சொன்னார், அதனாலேயே அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது. அமெரிக்காவில் 4,776 நோயாளிகளைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், முப்பது நாள்களுக்குள் இறந்தோர் 0.3 விழுக்காடு; இறப்பு, இரத்த உறைவு, மறு அறுவை போன்ற பெரும் சிக்கல்களைச் சந்தித்தோர் மொத்தம் 4.3 விழுக்காடு. தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களுக்கும், முன்பு கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல் என்றும் அதே ஆய்வு கூறியது. எனக்கு மூச்சுத் தடை இருப்பது உறக்கப் பரிசோதனையில் தெரிந்ததால், மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவியுடன் சில வாரங்கள் உறங்கிப் பழகிய பிறகே தேதி குறித்தார்கள். தேதியை முதலில் கொடுத்துவிட்டுப் பரிசோதனைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற இன்னொரு மருத்துவமனையை அப்போதே கைவிட்டேன்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் முறையைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். எண்டோஸ்கோபியில் அமிலத்தால் உணவுக்குழாய் புண்ணாகியிருப்பது தெரிந்தது. ஸ்லீவ் முறையில் நெஞ்செரிச்சல் கூடக்கூடும் என்பதால், இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பையைப் பிரித்து அதைச் சிறுகுடலுடன் நேராக இணைக்கும் பைபாஸுக்கு மாறினோம். சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்ற விளம்பரங்களை நான் நம்பவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் நடந்து 2017-இல் ஐந்தாண்டு முடிவுகள் வெளியான ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6 விழுக்காட்டிலோ அதற்குக் கீழோ இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 விழுக்காடு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு. பெரிய வேறுபாடுதான், ஆனால் முழு விடுதலை இல்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை, பி.எம்.ஐ. 40-ஓ அதற்கு மேலோ, அல்லது கடுமையான துணைநோய்களுடன் 35-ஓ அதற்கு மேலோ இருந்து, பிற வழிகள் பலனளிக்கவில்லை என்பதற்கு ஆவணமும் வேண்டும். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதிருந்தது உதவியது.

ஈரலைச் சுருக்குவதற்காக அறுவைக்கு முன் இரண்டு வாரம் பெரும்பாலும் நீராகாரம்தான். அப்போதே இன்சுலின் அளவைக் குறைத்தார்கள். அறுவை முடிந்த அன்று மாலையே நடக்கவைத்து, இரத்தம் உறையாதிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். இதயத் துடிப்பு திடீரென வேகமெடுத்தாலோ, காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தாலோ தையல் கசிவாக இருக்கலாம், காத்திருக்காமல் வரவேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள்.

உண்மையில் சிரமம் அதன் பிறகுதான். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், பிறகு மசித்த இட்லி, அதன் பின்னரே மென்று தின்னும் உணவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. கல்யாண வீட்டுப் பாயசம் இரண்டு கரண்டி போனாலே வியர்த்துப் படபடக்கிறது. நான்காம் மாதம் முடி கொத்தாக உதிர்ந்து, பிறகு மெல்ல நின்றது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். குடலில் புண் வரும் என்பதால் மூட்டுவலிக்கு வழக்கமாகப் போட்ட மாத்திரைகளுக்கும் தடை. சிகிச்சைச் செலவைக் கணக்கிடும்போது இந்தச் சத்து மாத்திரைகளுக்கு மாதந்தோறும் ஆகும் செலவை யாரும் சேர்ப்பதில்லை.

ஓராண்டு கடந்த நிலையில் 80 கிலோவில் இருக்கிறேன். இன்சுலின் நின்றுவிட்டது, ஒரு மாத்திரை மட்டும் தொடர்கிறது. மறு உறக்கப் பரிசோதனைக்குப் பின் சிபேப் கருவியும் தேவைப்படவில்லை. வயிற்றிலும் கைகளிலும் தொங்கும் தோலை அகற்றுவதை அழகுச் சிகிச்சை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டதால், அதை இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.