பெல்ஃபாஸ்ட் வீட்டில் ஓர் அச்சுக்கூடம்

இரண்டு நாளாக வால்ட் வில்லிஸ் நினைப்புதான். வட அயர்லாந்தில் அரசாங்க உத்தியோகம், மாலையில் அறிவியல் புனைகதைப் பைத்தியம். 1948-இல் 'ஸ்லான்ட்' என்று ஒரு ரசிகர் இதழ் தொடங்கினார்.

ஸ்டென்சில் தாளில் வெட்டி நகலெடுக்கும் சைக்ளோஸ்டைலில் உருட்டினால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். இவர் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தார்! சின்ன வயதில் எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். ஒரு வரி முடிவதற்குள் விரலெல்லாம் கறுப்பு. கதை கதையாக அப்படிக் கோப்பதென்றால் நினைத்துப் பாருங்கள்.

படங்களை அச்சிட, தரையில் விரிக்கும் லினோலியத்தைச் செதுக்கியவர் நண்பர் ஜேம்ஸ் ஒயிட். பிற்பாடு பெரிய எழுத்தாளர். இன்னொரு கூட்டாளி பாப் ஷா, அவரும் அப்படியே. வேலைக்கு நடுவே மாடியறையில் அட்டைத் துண்டுகளை மட்டையாக்கிப் பூப்பந்து மாதிரி ஒன்று ஆடுவார்கள். பெயர் 'கூட்மின்டன்'. விதிகளும் அவர்களே போட்டவை.

அப்புறம் 1952-இல் அமெரிக்க ரசிகர்கள் காசு சேர்த்து வில்லிஸைச் சிகாகோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே வரவழைத்தார்கள். நேரில் பார்த்திராத ஒருவருக்கு, அவர் எழுத்தைப் படித்த பிரியத்தில் கப்பல் டிக்கெட்! நம் சிற்றிதழ்க்காரர்களுக்குத் தபால்தலைக்கே சந்தா வந்து சேராது, அது வேறு கதை.

'ஸ்லான்ட்' தவிர 'ஹைஃபன்' என்று இன்னொரு ரசிகர் இதழும் நடத்தினார். 1958-இல் அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ. கதைக்கு இல்லை, ரசிகராக இருந்ததற்கு.